படி வைத்த பிளசர்

எங்க வீரமலை மாமா எந்தப் பொருளையும் தொட்டுப் பாக்காம வாங்கின ஆளு கிடையாது. திருச்சி காந்தி மார்க்கெட்ல வாழைக்காய் மண்டி வச்சிருந்தாரு. தாரு வந்து எறங்கினா தட்டிப் பாப்பாரு, காம்பை மோந்து பாப்பாரு, காயோட விளிம்பு உருண்டு வந்திருச்சான்னு கட்டைவிரலால தடவிப் பாப்பாரு. சரி, அது தொழில். வீட்டுக்கு ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் காதுகிட்ட வச்சுக் குலுக்கிட்டுத்தான் வாங்குவாரு. கீரைக்காரி எங்க வாசல்ல கூடையை எறக்கவே மாட்டா. "அந்த அண்ணன் கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு வேணாம்பாரு, எனக்கு வேற சோலி இல்லையா"ன்னு அடுத்த வீட்டுக்குப் போயிடுவா. அப்புறம் கீரைக்கு நான்தான் வெயில்ல ஓடணும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் வாழ்க்கையில ஒரே ஒரு பொருளைக் கண்ணால பாக்காம வாங்கினாரு. அது ஒரு கார். அப்பல்லாம் காருன்னு யாரு சொன்னா, பிளசருன்னுதான் சொல்லுவோம். எந்தக் கம்பெனி செஞ்சான், எவன் வித்தான்னு பேரைச் சொல்ல மாட்டேன். மாமா காதுல விழுந்துச்சுன்னா மறுபடியும் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு சண்டைக்குக் கெளம்பிடுவாரு.

என் பேரு அமிர்தம். மாமான்னா எங்க அக்கா பவுனம்மாளோட வீட்டுக்காரரு. அக்காவுக்கு இடது கையும் இடது காலும் விழுந்ததுலேருந்து நான் அவங்களோடயே வந்துட்டேன். அதனால நடந்தது அத்தனைக்கும் நான் பக்கத்துல நின்ன சாட்சி. மாமா சொன்னா ஒரு பக்கமாத்தான் சொல்லுவாரு, நான் சொன்னா சரியா இருக்கும்.

வாழைக்காய் வியாபாரிக்கு எதுக்குப் பிளசருன்னு கேப்பீங்க. அக்காவுக்காகத்தான். அவளுக்குப் பக்கவாதம் வந்த அன்னிக்குக் கயித்துக் கட்டில்ல போட்டு நாலு பேரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. எங்க வீடு வரகனேரியில, ஒரு குறுகலான சந்துக்குள்ள. நாலு பேரு கட்டிலைத் தோள்ல வச்சுக்கிட்டு வர்றதைப் பாத்துட்டு எதுத்த வீட்டம்மா என்ன நெனச்சாங்களோ, மாரடிச்சுக்கிட்டு ஓடியாந்து "மகராசி போயிட்டியே"ன்னு ஒப்பாரியைத் தொடங்கிட்டாங்க. அக்காவுக்கு வாய்தான் கோணியிருந்துச்சு, காது நல்லாத்தான் கேட்டுச்சு. தன் ஒப்பாரியைத் தானே படுத்துக்கிட்டுக் கேட்டவ எங்க அக்காவாத்தான் இருப்பா.

வாய் சரியாகி வீட்டுக்கு வந்ததும் அவ மொதல்ல சொன்னது இதுதான். "இனிமே என்னைத் தூக்குறது ஒரே ஒரு தடவைதான். அதுக்கு இன்னும் நாள் கெடக்கு."

சொன்னா சொன்னதுதான். வலது கையால செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு, வலது காலை ஊனி, இடது காலை இழுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் வருவா. அதுக்கு மேல உலகம் கிடையாது. ஜட்கா வண்டியில ஏறணும்னா யாராவது தூக்கி வைக்கணும். பஸ்ஸும் அப்படித்தான். "தொடாதீங்க, நான் வரலை"ன்னுடுவா. சொந்தத்துல எத்தனையோ நல்லது நடந்துச்சு, கெட்டது நடந்துச்சு, எதுக்கும் அவ போகலை. பெரிய ரோஷக்காரி. எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் அது உண்டு, எனக்குக் கொஞ்சம் கம்மி.

ஸ்ரீரங்கத்துல சௌரிராஜன்னு ஒரு டாக்டர்தான் அக்காவைப் பாத்துக்கிட்டாரு. ஒரு நாள் தன்னோட பிளசர்ல வீட்டுக்கே வந்தாரு. போறப்ப அக்கா வாசல் வரைக்கும் வந்து நின்னா. அவரு காரோட பின்கதவைத் தொறந்து, "ஒரு தடவை ஏறி உக்காந்து பாருங்கோம்மா, காலுக்கு எத்தனை பலம் இருக்குன்னு பாப்போம்"னாரு.

அது பழைய மாடல் கார். கதவுக்குக் கீழ நீட்டமா, ஒரு பலகை அகலத்துக்குப் படி இருக்கும். பின்கதவு பின்பக்கமாத் தொறக்கும். எங்க வாசல்லேருந்து ஏறினா, தொறந்த கதவு சரியா வலது கைப்பக்கம் வந்து நிக்கும். அக்காவுக்கு உசுரு இருந்ததே வலது பக்கத்துலதானே. வலது கையால கதவைப் பிடிச்சா, வலது காலைப் படியில வச்சா, ஒரு எக்கு எக்கித் திரும்பினா, உக்காந்துட்டா. யாரும் அவளைத் தொடலை.

"உக்காந்துட்டேன்டி அமிர்தம்"னா. மாமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு.

எறங்குறதுதான் வம்பாப் போச்சு. வெளிப்பக்கம் பாத்து உக்காந்தா கதவு இடது கைப்பக்கம் போயிடுது. அந்தக் கை எதுக்கும் ஆகாது. அதோட படிக்கும் தரைக்கும் நடுவுல கால் அந்தரத்துல தவிக்குது. மாமா இடுப்பைச் சேத்துப் பிடிச்சு எறக்கி விட்டாரு. அக்காவுக்கு மொகம் சுருங்கிப் போச்சு. ஆனாலும் ஏறினா இல்ல, அது போதும் மாமாவுக்கு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டாரு, இதே மாதிரி ஒரு பிளசர் வாங்கணும்னு.

எங்க காளியாயிக்கு, அதான் அவங்க ஒரே பொண்ணு, அப்பவே முசிறியில ஒரு எடம் பேச்சுல இருந்துச்சு. கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுலதான் நடக்கும். அந்தப் பந்தலுக்கு அக்கா தன் கால்ல போகணும், அவ்வளவுதான் மாமாவோட கணக்கு.

காரை விக்கிறவங்க கடை கண்டோன்மெண்ட் பக்கம். மாமா போயி, "காரைக் காட்டுங்க"ன்னாரு. அங்க காரு இருந்தாத்தானே காட்டுவான். செவுத்துல ஒரு படம்தான் மாட்டியிருந்துச்சு. "பேரைப் பதிஞ்சுட்டுப் போங்க, உங்க முறை வர்றப்ப வரும்"னானாம். மாமாவுக்குத் தலை சுத்திப் போச்சு. பாக்காம எப்படி வாங்குறது? ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. அப்புறம் அவரே சமாதானம் பண்ணிக்கிட்டாரு. "நாம தோட்டம் பேசுறதில்லையா? பூ தள்ளினப்பவே விலை பேசுறோம், காய் அப்புறம்தானே வருது. பூவன் மரத்துல பூவன்தானே காய்க்கும்"னு சொல்லிட்டுப் பேரைப் பதிஞ்சாரு. அந்தப் படமும் டாக்டர் காரும் ஒண்ணான்னு பாத்துக்கிட்டாரு. ஒண்ணுதான். படி இருந்துச்சு.

ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு நம்புறவரு. அதனால ஸ்ரீரங்கம் போயி, சித்திரை வீதியில போறவங்க வர்றவங்க வேடிக்கை பாக்க, டாக்டர் காரை வாழைநாரால அளந்தாரு. படி உயரத்துக்கு ஒரு முடிச்சு, சீட்டு உயரத்துக்கு ஒரு முடிச்சு, மேல்கூரைக்கு ஒரு முடிச்சு. டாக்டர் வெளிய வந்து, "என்ன வீரமலை, நம்பெருமாள் தேருக்கு வடம் அளக்கற மாதிரின்னா அளக்கறேள்"னு சிரிச்சாராம். மாமா சிரிக்கலை. அளக்குறப்ப அவரு சிரிக்க மாட்டாரு.

அந்த நாரைக் கொண்டாந்து வச்சு எங்க கூடத்துலயே ஒரு பிளசர் கட்டினாரு. சீட்டுக்கு ஒரு பெஞ்சு. படிக்குச் செங்கல் மேல ஒரு பலகை. கூரைக்குக் குறுக்க ஒரு கயிறு. கதவுக்குத்தான் எதுவும் தோதுப்படலை, ஆடிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில மாமாவே கதவாயிட்டாரு. மண்டியிலேருந்து வந்ததும் மொகம் கழுவிட்டு, பெஞ்சுக்குப் பக்கத்துல கையை வெறைப்பா நீட்டிக்கிட்டு நிப்பாரு. அக்கா அந்தக் கையைப் பிடிச்சு, பலகையில காலை வச்சு, எக்கி, திரும்பி, உக்காருவா. மறுபடியும். மறுபடியும். முசிறிக்காரங்க பொண்ணு பாக்க வந்தப்ப மாமா கதவாத்தான் நின்னுக்கிட்டிருந்தாரு. "என்னங்க, கையில ஏதும் வலியா"ன்னு சம்பந்தியம்மா கேட்டாங்க. நான் உள்ள ஓடிப்போயி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்.

ஏறுறது அக்காவுக்குத் தண்ணி பட்ட பாடாயிடுச்சு. தூக்கத்துல எழுப்பி ஏறச் சொன்னாலும் ஏறுவா. எறங்குறது மட்டும் வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கதவு தன் எடத்தை விட்டு வந்து இடுப்பைப் பிடிக்கணும்.

"ஏறிடுவேங்க. ஆனா சம்பந்தி வீட்டு வாசல்ல, அத்தனை பேரு பாக்க, நீங்க இப்படி இடுப்பைப் பிடிச்சீங்கன்னா அதுக்கு நான் கட்டில்லயே போயிடலாம்"னா அக்கா.

"மொதல்ல ஏறு பவுனு. எறங்குறதை அப்புறம் பாத்துக்கலாம்"னாரு மாமா. இது ஒரு பதிலா? ஆம்பளைங்க பதிலெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

ரெண்டு வருஷமாகியும் கார் வந்தபாடில்லை. முசிறி எடம் முடிவாகி, தை மாசத்துல நாளும் குறிச்சாச்சு. காளியாயி, "அம்மா வராம எனக்குத் தாலி வேணாம்"னு ஒரு நாள் ஓன்னு அழுதா. அக்கா அவளைத் திட்டினா, திட்டிட்டு அவளும் அழுதா. பொங்கல் கழிச்சு ஒரு நாள் ஆளு வந்து சொன்னான், உங்க கார் வந்திருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்கன்னு. மாமா மண்டியை அப்படியே போட்டுட்டு ஓடியாந்தாரு. பாலக்கரையில டாக்ஸி ஓட்டிக்கிட்டிருந்த கியாசுதீன் பாய்தான் எங்களுக்கு ஓட்டித் தர்றதா இருந்தாரு, மாமாவுக்குச் சிநேகிதரு. அவரையும் கூட்டிக்கிட்டாரு. அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீயும் போடி. படி இருக்கான்னு பாத்துட்டு வா"ன்னா. என்ன தோணுச்சோ அவளுக்கு.

போனோம். கருப்பா, பளபளன்னு ஒரு கார் நின்னுச்சு. மூக்கு உருண்டு, கூரை தாழ்ந்து, மொத்தமே வேற மாதிரி இருந்துச்சு. நான் கீழ குனிஞ்சு பாத்தேன். படி இல்லை. அந்தப் பக்கம் போயிப் பாத்தேன், அங்கயும் இல்லை. மாமா பின்கதவைத் தொறந்தாரு. அது முன்பக்கமாத் தொறந்துச்சு. மூடினாரு, மறுபடியும் தொறந்தாரு. மறுபடியும் முன்பக்கமாத்தான் தொறந்துச்சு.

"இது யாரோட காரு? எங்க காரைக் காட்டுங்க"ன்னாரு.

தர்மராஜ்னு மேனேஜர், நல்லா டை கட்டிக்கிட்டு இருந்தாரு. "இதுதான் சார் உங்க கார். அதே பேரு, அதே கலர், அதே விலை. புது மாடல். முன்னாடி இருந்ததைவிட ஒசத்தி"ன்னாரு.

"படி எங்க?"

"புது மாடல்ல படி கிடையாது சார்."

"எப்ப எடுத்தாங்க? யாரு எடுக்கச் சொன்னா? எனக்கு யாரும் சொல்லலையே."

"யாருக்குமே சொல்லலை சார். எங்களுக்கே கார் வந்து எறங்கினப்பதான் தெரியும்."

மாமா திரும்பிச் செவுத்தைப் பாத்தாரு. பழைய படம் அப்படியே மாட்டியிருந்துச்சு, படியோட. "அதுல இருக்கே"ன்னு கையைக் காட்டினாரு. மேனேஜர் படத்தைப் பாத்தாரு, காரைப் பாத்தாரு. "அது படம் சார்"னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு எங்க மூணு பேருக்கும் வெளங்கலை. அவருக்கும் வெளங்கியிருக்காது.

"தம்பி, பூவன் தாருக்குப் பேசிட்டு மொந்தன் தாரை எறக்கினா எந்த மண்டியில ஒத்துக்குவான்?"

"சார், மொந்தன் நல்லதுதானே?"

"நல்லதா கெட்டதான்னு நான் கேக்கலை. பேசினதா பேசாததான்னு கேக்குறேன்."

மேனேஜரு டையைச் சரி பண்ணிக்கிட்டாரு. வேணாம்னா விட்டுடலாம், அடுத்த முறைக்கு வருஷக்கணக்குல ஆகும், அப்பவும் இதே மாதிரிதான் வரும்னாரு. கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கு. மாமா என்ன பண்ணுவாரு? எடுத்துக்கிட்டு வந்தோம்.

வழி பூரா கியாசுதீன் பாயோட கூத்து வேற. அவருக்குப் பழக்கம் தரையில இருக்குற கியர். இந்தக் காருல அதைக் கொண்டுபோயி ஸ்டியரிங் கிட்ட வச்சிருந்தான். கியர் மாத்தணும்னா அவரு கை தானா கீழ போகுது, அங்க ஒண்ணும் இல்லாம தன் தொடையிலயே அடிச்சுக்குது. "யா அல்லா, இதையும் எடுத்துட்டானா"ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டாரு. பாலக்கரை வர்றதுக்குள்ள அவரு தொடை வீங்கியிருக்கும்.

வாசல்ல அக்கா நின்னுக்கிட்டிருந்தா, நல்ல சேலை கட்டி, தலையில பூ வச்சு. சந்து சனமெல்லாம் வெளிய வந்தாச்சு. நான் போயி, "அக்கா, படி இல்லையாம்"னு மெதுவாச் சொன்னேன். "இல்லாம எப்படி"ன்னு அவ காதுலயே போட்டுக்கலை. மாமா கதவைத் தொறந்தாரு. அக்கா வலது கையை நீட்டினா. அங்க கதவு இல்லை, கதவு இந்தப் பக்கம் இடது கைகிட்ட நிக்குது. வலது காலைத் தூக்கி வச்சா. படி இருக்க வேண்டிய எடத்துல வச்சா. அது வெறும் காத்து.

அப்படியே சரிஞ்சு தரையில உக்காந்துட்டா. அடி ஒண்ணும் பெருசா இல்லை. ஆனா சந்துல அத்தனை பேரும் பாத்தாங்க. எதுத்த வீட்டம்மா "அய்யோ"ன்னு வாயைத் தொறந்தாங்க, நான் ஒரு மொறை மொறைச்சேன், மூடிக்கிட்டாங்க. அக்கா செவுத்தைப் பிடிச்சு எழுந்து உள்ள போனா. "நீங்க போயிட்டு வாங்க. நான் வரலை"ன்னா. வெண்ணெய் தெரண்டு வர்ற நேரத்துல தாழி ஒடைஞ்ச கதையா ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாருக்கும் எதுவும் புரியலை. பழைய பலகையைக் கொண்டாந்து காருக்குப் பக்கத்துல வச்சு மாமாவே ஏறிப் பாத்தாரு. கூரை தாழ்வு, தலை ணங்குன்னு இடிச்சுச்சு. பலகையை எடுத்தா, அக்காவுக்கு ரெண்டு வருஷமாப் பழகின கால் மேலதான் போகும். ஒரு பட்டறைக்காரன் படி வச்சு ஒட்டித் தரேன்னான், இன்னொருத்தன் ஒட்டினா ரோட்டுல இடிக்கும்னான். டாக்டர் காரைக் கேக்கலாம்னா, அது அச்சு ஒடைஞ்சு கட்டை மேல நிக்குதாம்.

மாமாவுக்குத் தன் மேலயே சந்தேகம் வந்துடுச்சு. வாழைநாரை எடுத்து, "காஞ்சு சுருங்கியிருக்குமோ"ன்னு இழுத்து இழுத்துப் பாத்தாரு. நாரு சுருங்கினா காருல படி மறையுமா? கேட்டேன். சோத்துல கை வச்சுக்கிட்டு, "அமிர்தம், டாக்டர் காருல படி இருந்துச்சுல்ல?"ன்னாரு.

"இருந்துச்சு மாமா."

"நீ பாத்தியா?"

"நீங்கதானே அளந்தீங்க."

எழுந்து ஸ்ரீரங்கத்துக்குப் போயிட்டாரு. கட்டை மேல நின்ன காரோட படியைத் தொட்டுப் பாத்துட்டுத் திரும்பி வந்தாரு. "படி இருக்கு. அப்ப எனக்குக் கிறுக்குப் பிடிக்கலை. அப்ப கம்பெனிக்காரனுக்குத்தான்"னாரு. வீட்டுல கல்யாணத்தை வச்சுக்கிட்டு இதைக் கண்டுபிடிக்க ஒரு பொழுது போச்சு.

அக்கா கூடத்து ஜன்னல்கிட்ட உக்காந்து வாசல்ல நின்ன காரையே மொறைச்சுக்கிட்டிருந்தா. காளியாயி பக்கத்துல போயி உக்காந்தா, அக்கா அவ தலையைத் தடவிக் குடுத்தா, அவ்வளவுதான். நாளைக்கு விடிஞ்சா பொண்ணு கெளம்பணும். சொந்தக்காரங்க பஸ் பிடிச்சாச்சு.

சாயங்காலம் கியாசுதீன் பாய் காரைத் தொடைக்க வந்தாரு. சந்துல திருப்ப எடம் இல்லைன்னு அன்னிக்கு ரிவர்ஸ்ல பின்பக்கமாவே ஓட்டிக் கொண்டாந்து நிறுத்தியிருந்தாரு. அதனால எப்பவும் செவுத்துப் பக்கம் இருக்குற சைடு எங்க வாசலைப் பாத்து இருந்துச்சு. உள்ள தொடைக்கிறதுக்காகப் பின்கதவைத் தொறந்து போட்டாரு.

"அமிர்தம்"னு அக்கா கூப்பிட்டா. "அந்தக் கதவைப் பாரு."

பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலை.

"எந்தப் பக்கம் நிக்குது பாருடி. உங்க மாமா கதவா நிப்பாருல்ல, அந்தப் பக்கம்."

ஆமா. வலது கைப்பக்கம். இந்தக் காருல கதவு மாறித் தொறக்குது, சரி. ஆனா காரே மாறி நின்னா, கதவு பழைய எடத்துக்கு வந்துடுது. ரெண்டு வருஷம் நாரால அளந்த மாமாவுக்கும் தோணலை, சாட்சியா நின்ன எனக்கும் தோணலை. அக்கா எழுந்து செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "இப்ப ஏற மாட்டேன். சந்து பாத்தது போதும். நாளைக்கு ஏறுறேன். ஒரே தடவை"ன்னா. மாமாகிட்ட சொன்னேன். அவரு நம்பலை. வேணாம்னும் சொல்லலை. குலசாமிக்கு ஒரு துணியில காசு முடிஞ்சு வச்சுட்டுப் படுத்துட்டாரு.

மறுநாள் பொண்ணும் சொந்தக்காரங்களும் பஸ்ல போனப்புறம் அக்கா வந்தா. வலது கையால கதவைப் பிடிச்சா. வலது காலைத் தூக்கினா, இல்லாத படிக்குத்தான் தூக்கினா, ஆனா இந்தத் தடவை தெரிஞ்சு தூக்கினா. காலை அப்படியே உள்ள வச்சுத் திரும்பி, தலையைக் குனிஞ்சு உக்காந்துட்டா. மூச்சு வாங்குச்சு. மாமா முன் சீட்டுல ஏறி உக்காந்தாரு. நான் அந்தப் பக்கமாச் சுத்தி வந்து அக்கா பக்கத்துல ஏறினேன்.

காவேரிப் பாலம் வந்துச்சு. எத்தனையோ வருஷம் கழிச்சு அக்கா தண்ணியைப் பாக்குறா. திருவானைக்காவல், கொள்ளிடம் பாலம், டோல்கேட், அப்புறம் மேக்க ஆத்தோரமா ரோடு. ரெண்டு பக்கமும் வாழை. "எவ்வளவு வாழைடி"ன்னா, வாழைக்காய்க்காரர் பொண்டாட்டி. சிரிச்சேன். ஆனா குணசீலம் தாண்டினதும் அவ வாழையை விட்டுட்டுக் கதவையே பாக்க ஆரம்பிச்சுட்டா. எனக்குத் தெரியும் எதுக்குன்னு. ஏறியாச்சு. எறங்கணுமே.

முசிறியில பந்தல் வாசல்ல கூட்டம். சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டோட நிக்கிறாங்க, காளியாயி அவங்களுக்குப் பின்னால எட்டிப் பாக்குறா. அக்கா ஏறின பக்கம் சாக்கடை, பந்தல் என் பக்கம். நான் எறங்கி வழி விட்டேன். அக்கா சீட்டுல வழுக்கிக்கிட்டே இந்தக் கோடிக்கு நகந்து வந்தா. மாமா முன்னாலேருந்து குதிச்சு ஓடியாந்து, கதவு தொறந்திருக்குறப்பவே, பக்கத்துல கையை வெறைப்பா நீட்டிக்கிட்டு நின்னாரு. கூடத்துல நின்ன மாதிரியே.

"இடுப்புல மட்டும் கையை வச்சீங்க, இப்படியே திரும்பிப் போயிடுவேன்"னு அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது.

வெளிப்பக்கம் பாத்துத் திரும்பி உக்காந்தா. கை தானா கதவைத் தேடுச்சு. கதவு வலது கைகிட்டயே இருந்துச்சு. கூடத்துல எறங்குறப்ப ஒரு நாளும் அந்தப் பக்கம் இருந்ததில்லை. பிடிச்சா. வலது காலைக் கீழ விட்டா, படியைத் தேடினா. முன்னால தேடினா, பின்னால தேடினா. எழுந்து நின்னுக்கிட்டுத் தேடினா.

"படியைக் காணோமேடி"ன்னா.

"படி இல்லக்கா. நீ தரையில நிக்கிற."

கீழ குனிஞ்சு பாத்தா. ரெண்டு காலும் முசிறி மண்ணுல இருந்துச்சு. யாரும் அவளைத் தொடலை. காளியாயி தான் கல்யாணப் பொண்ணுங்குறதை மறந்துட்டு ஓடியாந்து கட்டிக்கிட்டா. சம்பந்தியம்மா ஆரத்தி சுத்தினாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், காருல வந்தவங்க எறங்கி நிக்கிறாங்க, அவ்வளவுதானே.

மாமா கையை நீட்டிக்கிட்டே நின்னாரு. "மாமா, கையை எறக்குங்க, கதவு இங்கதான் இருக்கு"ன்னேன். அப்பதான் எறக்கினாரு. கன்னத்துல கண்ணீர் ஓடுது, தொடைக்கவும் இல்லை.

"படி இல்லாததுனாலதான் எறங்கினாளா?"ன்னாரு.

"அப்படித்தான் தெரியுது மாமா."

"அப்ப இதை அவன் மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. எறங்க வராது, எறங்க வராதுன்னு ரெண்டு வருஷம் இவ அழுதாளே. ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சா அவனுக்கு என்ன கொறஞ்சு போகும்?"

கம்பெனிக்காரனைத் திட்டுறாரா கும்பிடுறாரான்னு எனக்கு அப்பவும் புரியலை, இப்பவும் புரியலை. அதை அவருகிட்டக் கேட்டுக்கிட்டு நான் அங்கயே நிக்கிறேன். அக்கா அதுக்குள்ள சம்பந்தியம்மா தோளைப் பிடிச்சுக்கிட்டுப் பந்தலுக்குள்ள நடந்து போயிட்டா.